விடிவதற்குள் சாகும் மீன்கள்

அவசரக்காரர்களுக்கு இந்தப் புதிர் ஆகாது. ஓர் ஊரே அவசரப்பட்டுக் கடப்பாரையைத் தூக்கிய நாளில் நடந்தது இது. முழுவதும் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஆறு. ஊரைத் தாண்டியதும் ஒரு தடுப்பணை. கோடை வந்தால் தண்ணீர் ஓட்டமற்று அங்கே குளம்போல நின்றுவிடும். அந்தத் தேக்கத்தில் மகளிர் குழுப் பெண்கள் வலைக்கூண்டு இறக்கி மீன் வளர்த்தார்கள். குழுத் தலைவி செண்பகவடிவு. அவளை நம்பித்தான் மற்றவர்கள் இதில் இறங்கினார்கள். மீன் பிழைத்தால் பிள்ளைகளின் படிப்பு, ஒரு வீட்டில் கல்யாணம். செத்தால் எல்லோர் கையும் அவளைத்தான் காட்டும்.

சித்திரை பிறந்ததும் பிடித்தது சனியன். விடிகாலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சில வயிறு தெரிய மிதக்கும். வெயில் ஏறியதும் மிச்சம் இருப்பவை ஒன்றுமே நடக்காததுபோல் கீழே போய்த் தீனி தின்னும். மறுநாள் விடியலில் மறுபடியும் சாவு. செண்பகவடிவுக்குச் சோறு இறங்கவில்லை.

கூண்டுகளுக்கு மேலே, ஆறு வரும் வழியில் கரையோரம் மூன்று இடங்கள். மலையடியில் ஒரு கல்குவாரி. மழை பெய்தால் அங்கிருந்து மண் கரைந்து வந்து ஆறு டீ நிறமாகிவிடும். ஆனால் மாசியிலிருந்தே ஒரு தூறல்கூட இல்லை. அடுத்தது ஞானதிரவியத்தின் கயிறு ஆலை. அங்கே குழிகளில் தேங்காய் மட்டை ஊறி அழுகும் நாற்றம் ஊர் எல்லைவரை வரும். குழித்தண்ணீரை ஆற்றில் விடுவதே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். நாற்றம் அடிக்கிற இடத்திலிருந்து வரும் சத்தியத்தை யார் நம்பினார்கள்!

மூன்றாவது ஒரு வாழைத்தோப்பு. பார்த்தாலே கண் குளிரும். செண்பகவடிவின் கணவன் சொரிமுத்து குத்தகைக்கு எடுத்தது. தார் பெருக்க வேண்டுமென்று உரத்தை அள்ளி வைப்பான். வைத்த கையோடு தண்ணீரைத் திறந்துவிடுவான். மிஞ்சிய தண்ணீர் வடிகால் வழியே ஆற்றுக்குப் போகும். அவனைக் குறை சொல்லவும் முடியாது, அந்தப் பக்கத்தில் விவசாயம் என்றால் அப்படித்தான்.

தண்ணீரைச் சோதிக்க நகரத்திலிருந்து பரிமளா என்ற பெண் வந்தாள். பஸ் வந்து சேரும்போதே உச்சி வெயில். கருவியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“அக்கா, மீன் மூச்சு விடணும்னா தண்ணியில காத்து கரைஞ்சிருக்கணும். இங்க அதுக்குக் குறைச்சலே இல்ல. நல்லா ஓடுற ஆத்துல இருக்கிறதவிடக் கூடுதலா இருக்கு.”

“பெறவு எதுக்கும்மா எம் மீனு சாவுது?”

“அதான் எனக்கும் புரியல. தண்ணி ஏன் இவ்வளவு பச்சையா இருக்கு?”

“கொஞ்ச நாளாவே இப்படித்தான் கெடக்கு. பாசி.”

செண்பகவடிவு ஒரு கை அள்ளிக் காட்டினாள். உள்ளங்கையில் பச்சை ஒட்டிக்கொண்டது. பரிமளா ஊருக்குத் திரும்பவில்லை. “விடியிறதுக்கு முன்னால இன்னொரு தடவ பாத்துட்டுத்தான் போவேன்” என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்குமுன் இருவரும் போனார்கள். அதே இடம், அதே கருவி. பரிமளாவின் முகம் மாறியது. “மத்தியானம் அவ்வளவு காத்து இருந்துச்சே, இப்ப ஒண்ணுமே இல்லையேக்கா!” கூண்டுக்குள் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நேற்று உள்ளங்கையில் ஒட்டிய பச்சை எதைத் தின்று இப்படிச் செழித்தது என்று செண்பகவடிவு யோசித்தாள். யோசித்ததும் யோசித்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

அதற்குள் கரையில் ஆட்கள் திரண்டுவிட்டார்கள். கயிறு ஆலையின் குழிகளை இடித்து மண்ணைப் போட்டு மூடுவதாகப் பேச்சு. கடப்பாரையோடு முதல் ஆளாக நின்றவன் சொரிமுத்து. “எம் பொண்டாட்டி அழுததுக்கு இன்னைக்கு அந்த ஆளு பதில் சொல்லியாவணும்!” என்று கத்தினான். அவன் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். குவாரியா, கயிறு ஆலையா, வாழைத்தோப்பா, மீன்களைக் கொன்றது எது? செண்பகவடிவு யார் முன்னால் போய் நிற்க வேண்டும்?

விடை: வாழைத்தோப்பு. மழையில்லாமல் குவாரி மண் வராது. மட்டைக் கழிவு ஆற்றில் கலந்திருந்தால் அது அழுக அழுகப் பகலிலும் காற்றைக் குடித்துத் தீர்த்திருக்கும். கருவி நடுப்பகலிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். பகலில் அளவுக்கு மீறிய காற்று, விடியலில் வெறுமை என்றால் அது பாசியின் வேலை. வெயில் இருக்கும்வரை பாசி காற்றை வெளியே விடும், இருட்டியதும் தானே இழுத்துக்கொள்ளும். ஓடாத தண்ணீரில் அந்தப் பாசியைக் கொழுக்க வைத்தது வடிகாலில் வந்த உரம். செண்பகவடிவு ஆலைக்குப் போகிற பாதையை மறித்துக் கணவன் முன்னால்தான் நின்றாள். “கடப்பாரையக் கீழ போடுங்க. குழுப் பொம்பளைங்க எல்லாரும் கேட்டுக்கிடுங்க, மீனக் கொன்னது நம்ம தோப்பு உரந்தான்” என்று ஊரறியச் சொன்னாள். சொரிமுத்து அவளையும் பச்சைத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அதே கடப்பாரையோடு தன் தோப்பு வடிகாலை அடைக்கப் போனான்.