பன்னீர் பொம்மையும் மூன்று மேதைகளும்

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தை நடத்துவது மூன்று பேர் கொண்ட கமிட்டி. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை.

மண்டப வாசலில் கைகூப்பி நிற்கும் ஒரு மின்சாரப் பொம்மை. வருகிறவர்கள் முகத்தில் பன்னீரைப் புகை மாதிரித் தூவும். பன்னீர் என்பது பேருக்குத்தான். உள்ளே மாசக்கணக்கில் கிடந்தது வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீர். போன முகூர்த்தத்துக்கு வந்த நான்கு பெரியவர்கள் நிமோனியாவில் படுத்துவிட்டார்கள்.

சுகாதார ஆய்வாளர் தேவசகாயம் வந்து தண்ணீரைச் சோதித்தார்.

"இதுல லீஜியோனெல்லான்னு ஒரு கிருமி இருக்கு. தேங்கின தண்ணியில வளரும். ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் தொத்தாது. இந்தச் சாரலை மூச்சுல இழுத்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். ஒருத்தரும் மூச்சுல இழுக்கக் கூடாது, சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வருவேன். மீறினா மண்டபத்துக்குச் சீல்!"

ஞாயிற்றுக்கிழமை தலைவர் சங்கிலிமுத்துவின் மகளுக்கே கல்யாணம். மனிதர் ஆடிப்போனார். கமிட்டி அவசரமாகக் கூடியது.

"பொம்மையை நிறுத்திட்டா?" என்றார் பொருளாளர் வைரவன். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது.

"பொம்மையை நிறுத்தச் சொன்னாரா அவரு?" என்று சீறினார் செயலாளர் மாசிலாமணி. "மூச்சுல இழுக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு!"

வைரவன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப மூச்சை நிறுத்திடுவோம்" என்று தீர்ப்பளித்தார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிறு காலை வாசலில் பலகை தொங்கியது: 'மூச்சு விடாமல் உள்ளே வரவும்.' பக்கத்தில் விசிலோடு வைரவன். முதல் விசிலுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டும், இரண்டாவது விசிலுக்கு விடலாம். இதுதான் ஏற்பாடு.

முதலில் வந்தவன் மாப்பிள்ளை கதிர்வேலன். விசில் அடித்தது. பையன் கன்னத்தை உப்பிக்கொண்டு பொம்மை முன்னால் நின்றான். வைரவனும் மூச்சைப் பிடித்தார். இரண்டாவது விசில் ஊத மூச்சு விட்டாக வேண்டுமே! விதியை மீற அவர் தயாரில்லை; இரண்டாவது விசில் வரவேயில்லை. மாமனார் வீட்டு மரியாதைக்குக் கட்டுப்பட்ட மாப்பிள்ளை, முகம் நீலம் பாரித்துத் தொப்பென்று விழுந்தான்.

"மயக்கம்! மூஞ்சியில தண்ணி தெளிங்கய்யா!" என்று கத்தினார் மாசிலாமணி. மூவரும் பொம்மையைச் சாய்த்து, முழு வேகத்தில் அவன் மூக்குக்கு நேராகவே விட்டார்கள்.

அவன் கண் விழித்து, நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் உள்ளே நுழைந்தார். பொம்மையின் வயரைப் பிடுங்கி எறிந்தார். பையனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கையோடு மண்டபத்தையும் பூட்டிச் சீல் வைத்தார்.

சங்கிலிமுத்து தெருவில் நின்று, போகிற ஆட்டோவைப் பார்த்துக் கர்ஜித்தார்:

"கல்யாணத்தை நிறுத்துங்கடா! ரெண்டு நிமிஷம் மூச்சை அடக்கத் தெரியாதவன், என் பொண்ணை வெச்சு எப்படிக் காலம் முழுக்கக் காப்பாத்துவான்?"