தாமரைக்கோழிக் குஞ்சுகளுக்குப் புல் செருப்பு

அன்று காலை தாமரைக் குளத்தில் இருந்தவர்கள்: தகப்பன் தாமரைக்கோழி ஒன்று, அதன் குஞ்சுகள் நான்கு, ஊர்ப் பண்ணையிலிருந்து வந்த வாத்து ஒன்று, கரைக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி ஒன்று, பாசியில் தவளை ஒன்று. ஆக மொத்தம் எட்டுப் பேர். கரைப் புதரில் ஒரு கீரியும் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

தகப்பன் பெயர் நெடுவாலன். தாமரைக்கோழிகளில் தாய் முட்டையிட்டதோடு சரி. வேறு குளம் பார்த்துப் போய்விடுவாள். அடைகாத்து ஆளாக்குவது முழுக்கத் தகப்பன் வேலை. நெடுவாலனும் குறையில்லாமல்தான் வளர்த்தான். ஆனாலும் ஒரு கவலை அவனை அரித்துக்கொண்டே இருந்தது. ‘தாயில்லாமல் வளர்ந்த லட்சணத்தைப் பார்’ என்று யாராவது சொல்லிவிட்டால்?

வாத்தின் பெயர் செம்பாயி. தண்ணீரில் ஒரு சுற்று வந்தவள், தாமரை இலைமேல் ஓடித் திரிந்த குஞ்சுகளைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“என்ன தம்பி, பிள்ளைகளுக்கு இருக்கிறது காலா, வேரா? உடம்பு எலுமிச்சம்பழம் அளவு. விரல் மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குதே!”

நெடுவாலனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எங்க இனத்துக்கே அப்படித்தான், அக்கா.”

“அதுக்காக அப்படியே விட்டுடுறதா? ஊருக்குள்ளே வந்து மனுசப் பிள்ளைகளைப் பார். நிக்கத் தெரியறதுக்கு முன்னாலேயே காலில் செருப்பு ஏறிடும். பாதம் பூ மாதிரி இருக்கும்!”

“அந்தப் பிள்ளைகள் நல்லா ஓடுமா, அக்கா?”

“ஓடுறது எதுக்கு? எந்நேரமும் இடுப்பிலேதான் தூக்கி வச்சிருப்பாங்க. பார்க்க என்ன அழகு தெரியுமா!”

பாசியிலிருந்து தவளை தலையை நீட்டியது. “மாப்பிள்ளை, அந்த விரல் அகலமா விரியறதாலேதான் இலை அமிழாமல் தாங்குது. அதை வச்சு விளையாடாதே!”

“முகத்தைக்கூடக் கழுவாத நீ அழகைப் பத்திப் பேசாதே!” என்றான் நெடுவாலன்.

அவன் நேரே கருவேல மரத்துக்குப் பறந்தான். தூக்கணாங்குருவி மஞ்சமுத்து கூடு பின்னுவதில் கெட்டிக்காரன். செருப்பு அவனுக்கும் புதிது. இருந்தாலும் கோரைப்புல்லைக் கிழித்துக்கொண்டு அளவெடுக்க வந்துவிட்டான்.

“வளர்ற கால், அண்ணே. முன்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுப் பின்னட்டுமா?”

“இடம் விட்டால் விரல் அங்கேயும் போய் உட்கார்ந்துக்கும். இறுக்கிப் பின்னு!”

மஞ்சமுத்து இறுக்கிப் பின்னினான். நீண்ட விரல்களை மடக்கி, எட்டுக் கால்களுக்கும் எட்டுச் செருப்பு மாட்டியாயிற்று. நெடுவாலன் குஞ்சுகளை இலைமேல் ஏற்றிவிட்டான். விரல் விரிந்தால்தானே இலை தாங்கும்? இலை மடங்கியது. நான்கும் தொப்பென்று தண்ணீரில் விழுந்தன. தகப்பன் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான்.

“செருப்பு அருமையாத்தான் இருக்கு. இந்தக் குளத்து இலைதான் சரியில்லை!” என்றான்.

அன்றோடு குஞ்சுகளின் வாசம் கரைக்கு மாறியது. இலைமேல் ஓடிப் பூச்சி பிடித்தவை, கெட்டியான கரை மண்ணில் நின்றுகொண்டு அப்பா ஊட்டுவதற்காக வாயைத் திறந்தன. உடம்பு வளர்ந்தது. செருப்பு வளரவில்லை.

“அப்பா, விரல் எரியுதுப்பா!”

“அழகுன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்!”

குஞ்சுகள் அப்படியும் இப்படியும் சாய்ந்து சாய்ந்து நடந்தன. “நடையில் ஒரு நிதானம் வந்திருக்கு, பார்த்தீங்களா?” என்று நெடுவாலன் போகிற கொக்கையெல்லாம் நிறுத்திக் காட்டினான். கடைக்குட்டி கடுகு மட்டும் அடங்கவில்லை. அப்பா திரும்பிய நேரம் பார்த்துச் செருப்பைக் கொத்திப் பிய்த்து எறிந்துவிட்டு இலைக்கு ஓடினாள்.

“உன்னை எவன் மதிப்பான்? காலைப் பார், காலை!” என்று நெடுவாலன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஒருநாள் கரைப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஆகா! யார் வீட்டுப் பிள்ளைகள் இவை? நடையே தனி அழகா இருக்கே!”

நெடுவாலனுக்கு மார்பு விம்மியது. இந்த ஒரு சொல்லுக்காகத்தானே அவன் இத்தனை பாடும் பட்டான்! யார் சொன்னது என்று அவன் கேட்கவே இல்லை.

“என் பிள்ளைகள்தான்! இன்னொரு தரம் நடந்து காட்டுங்கடா! அந்தப் புதர் ஓரமா!”

மூன்று குஞ்சுகளும் புதர் ஓரமாக ஆடி அசைந்து நடந்தன. புதர் பிளந்தது. கீரி பாய்ந்தது.

“இலைக்கு ஓடுங்க! இலைக்கு ஓடுங்க!” என்று நெடுவாலன் அலறினான்.

கடுகு ஏற்கெனவே இலைமேல்தான் இருந்தாள். விரல்களை விரித்துக்கொண்டு இலைக்கு இலை தாவிக் குளத்தின் நடுவுக்கே போய்விட்டாள். மற்ற மூன்றும் ஓடத்தான் பார்த்தன. செருப்புக் கால் செருப்புக் காலில் இடறியது.

ஆபத்து வந்தால் தாமரைக்கோழித் தகப்பன் குஞ்சைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு தூக்கிப் போவான். நெடுவாலனும் ஒன்றை வலச் சிறகில் இடுக்கினான். இன்னொன்றை இடச் சிறகில் இடுக்கினான். அதற்கு மேல் அவனுக்குச் சிறகு இல்லை.

“அப்பா, நான்!” என்றது மூன்றாவது. நீர் ஓரத்து இலையில் கால் வைத்தது. இலை மடங்கியது. ஊறிப் போன செருப்பு காலைக் கீழே இழுத்தது. நெடுவாலன் குளத்து நடுவில் இரண்டையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கீரியும் இல்லை, குஞ்சும் இல்லை. கரையில் ஒரு செருப்புதான் கிடந்தது.

சத்தம் கேட்டுச் செம்பாயி நீந்தி வந்தாள். அவள் பின்னால் அவளுடைய குஞ்சுகளும் வரிசையாக வந்தன.

“அடப்பாவமே! எவ்வளவு அழகாச் செருப்புப் போட்ட பிள்ளை!” என்று மூக்கைச் சிந்தினாள்.

நெடுவாலன் தண்ணீருக்குள் குனிந்து அவள் குஞ்சுகளின் கால்களைப் பார்த்தான். எல்லாம் வெறுங்கால்.

“அக்கா, உன் பிள்ளைகளுக்குச் செருப்பு எங்கே?”

“இவங்களுக்கா? நல்லாக் கேட்டே, தம்பி! இவங்க நீந்த வேண்டாமா?”

நெடுவாலன் நடுக்குளத்தில் விட்டிருந்த இரண்டு குஞ்சுகளிடம் போனான். அலகால் புல்லை அறுத்து நான்கு செருப்பையும் கழற்றினான். உள்ளே விரல்கள் சுருண்டு போய்க் கிடந்தன. அவை அன்றே நிமிரவில்லை. கடுகு முன்னால் நடந்தாள். அவள் மிதித்த இலையையே பார்த்துப் பார்த்து மிதித்து மற்ற இரண்டும் தத்தித் தத்திப் பின்னால் போயின. அவை கரைப்பக்கம் போகாமல் நெடுவாலன் காவல் இருந்தான். நான்கில் அவனுக்கு மிஞ்சியவை மூன்று.

பிள்ளையின் கால் அது நடக்க வேண்டிய இடத்துக்கு ஏற்ப வளர வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஏற்ப அதைக் கட்டி வளர்க்கிறவர், ஓட வேண்டிய நாளில் பிள்ளைக்குக் கால் இல்லாமல் செய்துவிடுகிறார்.