பேர் எழுதாத புறா

பேருக்குத்தான் அவன் சடையன். தலை பளபளவென்று வழுக்கை. பக்கத்து வீட்டு ரைஸ்மில் முதலாளி பொன்னம்பலத்தின் புறாக்கள் முதலில் அந்தத் தலையில்தான் எச்சமிட்டன. துடைத்துக்கொண்டு போனான். விற்பதற்காகத் தன் மாடியில் காயப்போட்ட அப்பளத்திலும் எச்சமிட்டதும், பிழைப்பே நாறிப்போகுமே என்று பஞ்சாயத்தைக் கூட்டினான்.

"என் புறான்னு அதுல பேரா எழுதியிருக்கு? இருந்தா காட்டு, நானே வந்து கழுவி விடுறேன்" என்று மீசையை முறுக்கினார் முதலாளி.

சடையன் கும்பிட்டான். "மன்னிச்சுக்குங்க முதலாளி, மண்டையில முடியும் இல்ல, மூளையும் இல்ல. யாருக்கும் சொந்தமில்லாத புறான்னு இப்பத்தான் தெரியுது. அந்தப் பச்சைக் கழுத்துப் புறாவை இன்னிக்கே பிடிச்சுக் குழம்பு வச்சிடுறேன். மிளகுகூட அரைச்சு வச்சாச்சு."

முதலாளி துள்ளி எழுந்தார். "டேய்! என் மரகதவல்லி மேல கைய வச்சே, தொலைச்சுடுவேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பேரு கிடைச்சிடுச்சு முதலாளி" என்று வாளியையும் துடைப்பத்தையும் அவர் முன்னால் வைத்தான் சடையன்.

மாடியைக் கழுவிக்கொண்டே முதலாளி கேட்டார்: "நிஜமாவே பிடிச்சிருப்பியாடா?"

"நானா? எங்க வீட்டுக் கோழியையே என் பொண்டாட்டிதான் பிடிச்சுக் குடுக்கணும். அது மரகதவல்லிக்கும் தெரியும். இப்ப எங்க உட்கார்ந்திருக்கான்னு நிமிர்ந்து பாருங்க!"

சடையன் தலையில் மரகதவல்லி சொகுசாக உட்கார்ந்திருந்தாள்.