காளை போன வழி

முன்னொரு காலத்தில் மருதூர்ச் சீமையை ஒரு ராஜா ஆண்டார். கோபம் அவருக்கு மூக்கு நுனியில் நிற்கும். அந்த வருஷம் பார்த்துக் கோமாரி வந்துவிட்டது. மாடுகள் வாயில் நுரை தள்ளி, குளம்பு வெடித்துச் சாய்ந்தன.

"ஆலம்பட்டி மாடுகளால் வந்தது. எல்லாவற்றையும் வெட்டிப் புதைத்தால் தீர்ந்தது!" என்றார் விருதுராயர். பசுக்களைச் சினைப்படுத்த அரண்மனைப் பொலிகாளையை ஊர் ஊராக அனுப்பி வைக்கிற அதிகாரி அவர்தான். ராஜா தலையாட்டிவிட்டார்.

ஆலம்பட்டி மாட்டு வைத்தியச்சி சீரங்காயி இதைக் கேள்விப்பட்டாள். முந்நூறு உயிராயிற்றே! சபைக்கு ஓடிவந்து தரையில் கூழாங்கற்களைப் பரப்பினாள், ஊருக்கு ஒரு கல்லாக.

"மகாராஜா, நோய் பக்கத்து ஊரை விட்டுவிட்டுத் தூரத்து ஊரில் வருகிறது. அதன் தடம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இதோ ஐந்து ஊர். நோய் இவற்றில் ஏற்கெனவே ஒட்டியாயிற்று, பத்து நாளில் நான்கில் தெரியும். அதுவரை எந்த மாடும், அரண்மனைக் காளையும்கூட, ஊர் தாண்டக் கூடாது."

"ஐந்திலும் வரும் என்று சொல்லேன், பார்ப்போம்!" என்று இளித்தார் ராயர்.

"ஒன்று தப்பும் சாமி."

"அதுவரை உங்கள் ஊர் மாடுகளை வெட்டவில்லை. நான்கில் ஒன்று குறைந்தாலும் உன் தலை போகும்" என்றார் ராஜா.

மூன்று ஊரில் வந்தது. பத்தாம் நாள் பொழுது சாயும்வரை நான்காவதைக் காணோம். வாளோடு ஆள் வந்து நின்றான். அப்போது தூமலூர்க்காரன் ஒருவன் வாசலில் வந்து விழுந்தான். "எங்க மாடெல்லாம் நுரை தள்ளுது சாமி!"

தலை தப்பியும் அவளுக்கு அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மகாராஜா, பொலிகாளை ஊருக்குள் வந்தால் என்ன செய்வோம்?"

"காலைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊர் மாடுகளுக்கெல்லாம் தெளிப்போம்" என்றார் ராஜா.

"நோய் வந்த ஊரெல்லாம் காளை போன ஊர்தான்."

"அபாண்டம்! காளைக்கு ஒரு குறையும் இல்லை!" என்று கத்தினார் ராயர்.

"சரி. இப்போதே அதன் காலைக் கழுவி உங்கள் தொழுவத்தில் தெளிக்கலாமா?"

ராயருக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, என் பசுக்கள்!" என்று வாய் தவறி வந்துவிட்டது. ராஜா இறங்கிப் போய்க் காளையின் காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பிடுக்கில் ஆறாத புண்.

அதன்பின் காளையைக் கட்டுத்தறியை விட்டு அவிழ்க்கவில்லை. ஆலம்பட்டி மாடுகள் பிழைத்தன. சீமை மாடுகளுக்கெல்லாம் சீரங்காயியே பொறுப்பு என்றாயிற்று. நான்கு ஊர் மாடுகளுக்கும் புண் கழுவ ராயரையே அனுப்பினார் ராஜா.

"அதுசரி, ஐந்தாவது ஊர் ஏன் தப்பியது?" என்று கேட்டார்.

"தெரியாது மகாராஜா. தெரிந்திருந்தால் அந்த ஊரைச் சொல்லியே இருக்க மாட்டேனே!"