அமலோற்பவத்தின் போன்

"படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன் சார்" என்றார் அமலோற்பவம்.

பேராசிரியர் நிஜாமுதீன் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகுதான் திரும்பினார்.

"ஏன் சிஸ்டர்?"

"நான் இல்லைன்னா எங்க ஆஸ்பத்திரி ஓடாது."

பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். பயிற்சி நர்ஸாகச் சேர்ந்த கட்டடத்திலேயே தலை நரைத்தவர்.

அடுத்த நிர்வாக அதிகாரி அவர்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் பதவிக்கு மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். அதற்காகவே சனிக்கிழமைதோறும் மதுரைக்கு பஸ் ஏறி, தன்னைவிட இளையவரான நிஜாமுதீனிடம் பாடம் கேட்க வந்துகொண்டிருந்தார்.

கேட்க முடிந்தால்தானே. போன் அடிக்கும். வராந்தாவுக்கு ஓடுவார். திரும்பி வருவதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். போன தேர்வில் பாதியில் எழுந்து போனவர், மீதியை எழுத வரவே இல்லை.

நிஜாமுதீன் கையை நீட்டினார்.

"போனைக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"இன்னைக்கு ஒரு நாள் நான் சூப்பரின்டெண்டென்ட். நீங்க உக்காந்து பாடத்தைக் கவனிங்க."

"வார்டைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

வகுப்பு சிரித்தது. அமலோற்பவம் சிரிக்கவில்லை. ஆனாலும் கொடுத்தார்.

பாடம் தொடங்கிய கையோடு போன் அடித்தது. நிஜாமுதீன் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"மேடம், லிப்ட் நின்னுபோச்சு. ஆபரேஷன் பேஷன்ட்டை எப்படிக் கீழ கொண்டு போறது?"

"மேடம் வகுப்புல இருக்காங்க. நான் அவங்க வாத்தியார். நீங்க என்ன நினைக்கிறீங்க?"



"பின்பக்கம் சாய்தளம் இருக்கு சார். கொஞ்சம் சுத்து. கூட ஆள் வேணும்."

"ஆள் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல சார். கூட்டிட்டுப் போறோம்."

பாதி எழுந்திருந்த அமலோற்பவம் உட்கார்ந்தார்.

"நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார், யாரும் கேட்காமலே.

அடுத்த போன், சலவைக்குப் போன பெட்ஷீட் வரவில்லை என்று. நிஜாமுதீன் அதே கேள்வியைக் கேட்டார். குழந்தைகள் வார்டில் வாங்கிச் சமாளிப்பதாகப் பதில் வந்தது.

மூன்றாவது போனில் குரல் பதறியது.

"மேடம், கடைசி பெட் தாத்தாவுக்கு மூச்சு வாங்கிடுச்சு."

வகுப்பு அடங்கியது. அமலோற்பவம் மேசையருகே வந்துவிட்டார். நிஜாமுதீன் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"என்னம்மா செஞ்சீங்க?"

"உடனே டாக்டரைக் கூப்பிட்டோம் சார். வந்து பாத்துட்டார். ஆக்சிஜன் வெச்சிருக்கு. இப்ப நல்லா பேசறார். காபி கேக்கறார்."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னா எங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

அமலோற்பவம் மெல்ல நடந்து தன் இடத்துக்குப் போனார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடிக்கவில்லை.

நிஜாமுதீன் பாடத்தை நடத்திக்கொண்டே போனார். அமலோற்பவத்தின் கண் மேசையை விட்டு நகரவில்லை.

"சார், சார்ஜ் இருக்கான்னு பாருங்க."

"இருக்கு."

கொஞ்ச நேரம் போனது.

"சிக்னல்?"

"அதுவும் இருக்கு."

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் வருவீங்களா சிஸ்டர்?"

"தெரியல சார்" என்றார் அமலோற்பவம். அவர் முகம் வாடியிருந்தது. "அங்க என்னைத் தேடவே இல்லையே."

நிஜாமுதீன் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது போன் அடித்தது. முதல் மணி அடங்குவதற்குள் எடுத்துவிட்டார். வார்டு நர்ஸ் பெனிட்டா.

"சொல்லு பெனிட்டா, சொல்லு."

"மேடம்… அந்த சார் பக்கத்துல இருக்காரா?"

"இல்லையே. என்ன விஷயம்?"

"ஒரு சந்தேகம்."

"அதுக்கு அவர் எதுக்கு? என்கிட்ட கேளேன்."

பெனிட்டா தயங்கினாள்.

"உங்ககிட்ட கேட்டா நீங்க பதிலைச் சொல்லிடுவீங்க மேடம்."