யார் பேசுவதாகச் சொல்லட்டும்?

டர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். தெருக்கோடியில் தொடங்கி, சுற்றுச்சுவரின் இரும்புக் கம்பிகள் மேல் யாரோ குச்சியை இழுத்துக்கொண்டே நடந்து வருவது போல நெருங்கியது. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் செய்யும் வேலை அது. ஆனால் மணி இரவு பதினொன்றரை. சத்தம் எங்கள் கேட்டுக்கு வந்ததும் நின்றது.

"செங்கமலம், பாப்பாவுக்கு ஸ்வெட்டர் கொண்டாந்திருக்கேன். பனி கொட்டுது பாரு. தூக்கிட்டு வெளிய வா."

செங்கமலத்தின் புருஷன். திட்டவில்லை, கத்தவில்லை.

கதையை இங்கே சற்று நிறுத்தி, உள்ளே இருந்த மூவரைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன்; விடை தேடுகிறவர்கள் இவர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இல்லம் அது. வீடு எங்கே என்பது ஊருக்கே தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதுதான் வெளியே போகக்கூடாது. பொறுப்பாளர் பிலோமி அக்கா. அந்த வாரம் அங்கே தங்கியிருந்தவள் செங்கமலம் ஒருத்திதான். ஐந்து மாதக் குழந்தையை மொட்டைமாடி விளிம்பில் தூக்கிப் பிடித்துப் புருஷன் மிரட்டிய அன்றே புறப்பட்டு வந்தவள். மூன்றாவது ஆள் நான். கல்லூரியிலிருந்து இரண்டு மாதக் களப்பணிக்கு வந்திருந்தேன். அன்றன்று கற்றதை நாட்குறிப்பில் எழுதிப் பேராசிரியையிடம் காட்ட வேண்டும்.

"என்ன காலேஜு, இன்னிக்கு எங்கள வச்சு என்ன கத்துக்கிட்ட?" என்று செங்கமலம் கிண்டலடிப்பாள்.

இல்லத்துக்குப் போன் வந்தால், யார் பேரைக் கேட்டாலும் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். முதல் நாளே அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தபோது நான் தனியாக இருந்தேன். மறுமுனையில் அவ்வளவு மரியாதையான குரல். "வணக்கம்மா. செங்கமலத்தோட அண்ணன் பேசுறேன். பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாச்சான்னு கேக்கணும்."

எங்கள் கான்வென்டில் போனில் பேசுவதற்கென்றே ஒரு வகுப்பு உண்டு. பன்னிரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. "ஒரு நிமிஷம் சார், உங்க பேர் என்னன்னு சொல்லட்டும்?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவள் இங்கே இருப்பதை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு உடனே புரிந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் களப்பணியிலிருந்து அனுப்பிவிடுவார் என்ற பயம். அன்றைய நாட்குறிப்பில், "தொலைபேசியில் பணிவாகப் பேசக் கற்றேன்" என்று எழுதினேன். அந்த வரிக்குப் பேராசிரியை சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருந்தார்.

இனி, அவன் வாசலில் வந்து நின்ற சனிக்கிழமை இரவு. அக்கா ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். வண்டி வர அரை மணி நேரமாகும் என்றார்கள். நான் அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

கூடத்துக்கு வந்தால், செங்கமலம் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கம்மாவுக்குக்கூட சொல்லலக்கா, இங்க இருக்கேன்னு. போன தடவ தங்கச்சி வீட்டுக்குப் போனேன், கண்டுபிடிச்சான். இங்கயும் வந்துட்டான். அவனுக்கு எல்லாம் தெரியுது. எங்க ஒளிஞ்சாலும் வருவான். இன்னிக்கே போனா அடியோட விடுவான். சாவியக் குடுங்க."

போகிறேன் என்று சொல்லும் பெண்ணைப் பிடித்துவைக்கக்கூடாது என்பது இல்லத்தின் விதி. கேட்டால் சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

அக்கா என் காதில் சொன்னார்: "வாயத் திறக்காத. இந்த வீடே காட்டிக்கொடுத்துச்சுன்னு தெரிஞ்சா இனி எந்த வீட்டையும் நம்ப மாட்டா. எப்படியாவது பேசி நிறுத்திப் பாக்குறேன்."

நான் சொன்னேன்: "சொல்லலேன்னா, அவனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சே போயிருவாக்கா."

செங்கமலம் சாவிக்குக் கை நீட்டினாள். குழந்தை தூக்கத்தில் சப்புக்கொட்டியது.

ஒளிவதில் பயனில்லை என்று புறப்பட்டவள், அவள் நம்பிக்கை உடையாமலிருக்க மறைக்கச் சொன்ன அக்கா, உடைந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த நான். இதில் யார் நினைத்தது சரி?

என் விடை இது. நான் சொல்லிவிட்டேன். "அப்ப அவனா கண்டுபிடிக்கல?" என்று செங்கமலம் கேட்டாள். "இல்ல. போன்ல நான்தான் உளறிட்டேன்" என்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அந்த ஒரு கணத்துக்கு நான் செய்தது சரி. ஆனால் வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே அவளை வேறு ஊருக்கு மாற்றியிருப்பார், இப்படி ஒரு கேள்விக்கே இடமிருந்திருக்காது. அக்கா பயந்ததும் நடந்தது. இப்போது என் மகனுக்கும் ஐந்து மாதம். வாசலில் சின்னச் சத்தம் கேட்டாலும் இவனை அள்ளிக்கொள்கிறேன். அப்படி அள்ளும்போதெல்லாம் அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வருகிறது. அந்த இரவு, அக்கா கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் அவள் குழந்தையோடு அறைக்குள் போனாள். அவனையும் எங்களையும் ஒன்றாக வெளியே நிறுத்திவிட்டு, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.