முகப்பு இல்லாத வீடு

கடலுக்கு ரெண்டு வாய்க்கா தள்ளி ஒரு ஊரு. அந்த ஊர்ல வைரக்கண்ணுன்னு ஒரு பூக்காரர் இருந்தாரு. ம் சொல்லு தங்கம். நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும்.

"ம்."

ஆங். வைரக்கண்ணுக்கு அரை ஏக்கர் முல்லைத் தோட்டம். அவரும் அவரு பொஞ்சாதி செங்கமலமும் வெள்ளென எந்திரிச்சு, சட்டு சட்டுனு மொட்டு கிள்ளி, பூக்கடைக்கு அனுப்புவாங்க. இருந்தது கீத்துக் குடிசைதான். ஏழு வருஷம் பூ பறிச்சுச் சேத்து வச்சாங்க. அப்புறம் ஒரு தை மாசம், சரி, இனிமே கல்லு வீடு கட்டிருவோம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணுனாங்க.

வைரக்கண்ணுக்கு ஒரே ஒரு ஆசைதான். வீட்டு முன்னாடி பெருசா ஒரு முகப்பு வேணும். உருண்டையா ரெண்டு தூணு, மேல நீட்டிவிட்ட கூரை, கீழ ஒரு நாற்காலி. அதுல காலை நீட்டி உக்காந்து, போற வர்ற பஸ்ஸைப் பாக்கணும். எதுத்தாப்புல அவரோட அக்கா இந்திராணி வீட்ல அப்படி ஒரு முகப்பு இருந்துச்சு. அம்மா இல்லாத புள்ளையா இருந்த தம்பியை அந்த அக்காதான் சோறு ஊட்டி வளத்துச்சு. அதனால அக்கா வீட்ல எது இருந்தாலும் தம்பிக்கு அது ஒசத்தி.

அப்போ வீடு கட்ட சவரிமுத்து மேஸ்திரி வந்தாரு. மெதுவாத்தான் பேசுவாரு. மண்ணைக் கிளறிப் பாத்தாரு, கடல் இருக்கற பக்கம் பாத்தாரு. "சாதாரணமாவும் கட்டலாம், புயலுக்குத் தாங்கற மாதிரியும் கட்டலாம். தாங்கற மாதிரி கட்டுனா செலவு கூட ஆகும்"னாரு.

எப்படி ஆகும்னு வைரக்கண்ணு கேட்டாரு. மேஸ்திரி விவரமாச் சொன்னாரு. அஸ்திவாரம் இன்னும் ஆழமாப் போகணும். நாலு மூலையிலயும் கம்பி நிக்கணும். சுவரைச் சுத்தி அடியில ஒண்ணு, ஜன்னலுக்கு மேல ஒண்ணு, கூரைக்குக் கீழ ஒண்ணுன்னு மூணு பெல்ட்டு, இடுப்புக்கு வார் கட்டுற மாதிரி, கம்பியும் கான்கிரீட்டுமா ஓடணும். கூரையும் ஷீட்டு இல்ல, கான்கிரீட்டு.

"காத்து கூரையை மேலேர்ந்து அமுக்காது. கீழ பூந்து தூக்கும். முகப்பை நீட்டி வச்சா, இந்தா பிடிச்சுக்கன்னு காத்துக்கு நாமளே குடுத்த மாதிரி."

எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா, கையில இருந்த காசுக்கு ஒரு ரூமும் அடுப்படியும்தான் வரும். ரெண்டாவது ரூமும் கிடையாது, முகப்பும் கிடையாது. வைரக்கண்ணுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. கேக்குறியா?

"ம்."

மூணு நாளு யோசிச்சாங்க. மொத நாளு வைரக்கண்ணு, புயல் எங்க வருஷா வருஷமா வருதுன்னாரு. ரெண்டாம் நாளு, வந்தாலும் நம்ம ஊருக்குத்தான் வரணுமான்னாரு. மூணாம் நாளு செங்கமலம் பூ கட்டிக்கிட்டே சொன்னா. அவளுக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒரு புயல் அடிச்சுச்சாம். கூரை பிச்சுக்கிட்டுப் போகாம இருக்க, அவங்கப்பா கூரைக் கயித்தைப் பிடிச்சுத் தொங்குனாராம். காத்து கூரையையும் தூக்கி, அவரையும் சேத்துத் தூக்கிட்டுப் போச்சு.

"வயல்லேர்ந்து எங்கப்பாவைத் தூக்கியாந்தாங்க. காலு ஒடிஞ்சு கிடந்தாரு. அப்பவும் கையில கயித்தை விடலைங்க. மரம் ஏறுறதுதான் அவரு தொழிலு. அதுக்கப்புறம் அவரு ஒரு மரத்துலயும் ஏறல."

வைரக்கண்ணு அவ கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பத்து வருஷம் கூட வாழ்ந்தும் இதை அவ சொன்னதே இல்ல. "சரி புள்ள, கம்பியே போட்ருவோம்"னாரு.

அப்புறம் வீடு எந்திரிச்சுச்சு. டங்கு டங்குன்னு கம்பி வெட்டுனாங்க, கரகரகரன்னு கலவை சுத்துச்சு. சின்னதா, கெட்டியா, முன்னாடி ஒண்ணுமே இல்லாம மொட்டையா ஒரு வீடு. இந்திராணி அக்கா இடுப்புல கை வச்சுக்கிட்டுப் பாத்துச்சு. "தம்பி, வீடு கட்டுனியா, உப்பு குடோன் கட்டுனியா?"ன்னுச்சு. அக்கா கிண்டலாத்தான் சொல்லுச்சு. தம்பிக்கு அது சுருக்குனு தச்சிருச்சு.

மொத வருஷம் ஐப்பசி வந்துச்சு. சிலுசிலுன்னு காத்து, சொட்டு சொட்டுனு மழை. அம்புட்டுதான். பஸ்ல போனவன் ஒருத்தன், இது என்ன கரண்டு ஆபீஸான்னு கேட்டுட்டுப் போனான்.

ரெண்டாம் வருஷம் மைக்குல சொல்லிட்டுப் போனாங்க, புயல் வருது, பத்திரமா இருங்கன்னு. வைரக்கண்ணு ஓடி ஓடி வேலை பாத்தாரு. குடத்துல தண்ணி பிடிச்சு வச்சாரு, ஆட்டைக் கொண்டாந்து அடுப்படியில கட்டுனாரு. காத்திருந்தாரு, காத்திருந்தாரு. புயல் வடக்கால திரும்பி வேற எங்கயோ போயிருச்சு. அடுப்படி பூரா ஆட்டுப் புழுக்கை. அன்னைக்கு அவரு சோறு திங்கல. என்னன்னு செங்கமலம் கேட்டா. மெதுவா, "புயல் வரலையேன்னு வருத்தமா இருக்கு புள்ள. ஒரு மனுஷன் இப்படி நெனைக்கலாமா?"ன்னாரு.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிப் பாத்தா, முடியல. அவ சிரிக்க, அவருக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் சோறு தின்னாரு. காசு கூடப் போட்டது வீணாவே போகட்டுங்க, அதுதான் நல்லதுன்னு அவ சொன்னா. சரிதான்னாரு. ஆனா எதுத்த வீட்டு முகப்பைப் பாக்குறதை மட்டும் அவரு விடல.

மூணாம் வருஷம். தூக்கம் வருதா?

"...ம்."

கார்த்திகை மாசம், காலையில பத்து மணி இருக்கும். வானம் கரிச்சட்டி மாதிரி கருத்துப் போச்சு. அப்போ வடக்கேர்ந்து ஊஊஊன்னு ஒரு சத்தம். தென்னை மரமெல்லாம் தலைவிரிச்சு ஆடுது. மடமடன்னு ஒண்ணு, மடமடன்னு இன்னொண்ணு. அக்காவோட வீட்டுக்காரரு சமையல் வேலைக்கு வெளியூரு போயிருந்தாரு. அக்கா தன்னோட ரெண்டு பொண்ணுங்களை மட்டும் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டு, நான் வரலைன்னுருச்சு. குடோன்னு சொல்லிட்டு அங்க எப்படிப் போறதுன்னு அதுக்கு ரோசம்.

வைரக்கண்ணு குனிஞ்சு, தவந்து, ரோட்டைத் தாண்டிப் போனாரு. அவரு அக்கா கையைப் பிடிக்கவும், முகப்புக் கூரை விர்ருன்னு எழும்பவும் சரியா இருந்துச்சு. முகப்பு எழும்புச்சா, அதோட சேத்து வீட்டு ஷீட்டெல்லாம் படபடபடன்னு சீட்டுக்கட்டு மாதிரி பறந்துச்சு. அக்காவை இழுத்துக்கிட்டு இவரு வீட்டுக்குள்ள பூந்து கதவைச் சாத்துனாரு. உள்ள இருந்தா சுவரு அசையல. ஜன்னல் கதவு மட்டும் கடகடன்னு நடுங்குச்சு. செங்கமலம் ரெண்டு பொண்ணுங்களையும் மடியில போட்டுக்கிட்டு, கூரையையே பாத்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் மத்தியானம் திடீர்னு எல்லாம் நின்னு போச்சு. ஒரு இலை அசையல. வெயிலு கூட லேசா எட்டிப் பாத்துச்சு. அக்கா எந்திரிச்சு, என் தையல் மிஷினு அங்க கிடக்குன்னு கிளம்புச்சு. அந்த மிஷினுலதான் ஊருக்கே ஜாக்கெட்டு தச்சுக் குடுக்கும். வைரக்கண்ணு கதவை மறைச்சு நின்னாரு. நடுவுல ஓஞ்சா நம்பாதீங்க, எதிர்ப்பக்கத்துலேர்ந்து திரும்பி வரும்னு மேஸ்திரி அன்னைக்கே சொல்லியிருந்தாரு. அக்கா திட்டுச்சு, கெஞ்சுச்சு, தம்பி நெஞ்சுல கை வச்சுத் தள்ளுச்சு.

"பொறந்ததுலேர்ந்து நீ சொன்னதைத்தான் கேட்டேன்க்கா. இன்னைக்கு ஒரு நாளு நான் சொல்றதை நீ கேளு."

அவரு சொல்லி வாய் மூடல, தெக்கேர்ந்து வந்துச்சு பாரு, மொதல்ல வந்ததை விட ரெண்டு பங்கு. தடார்னு ஒரு சத்தம். ஜன்னல் இடுக்கு வழியா அக்கா பாத்துச்சு. தையல் மிஷினு இருந்த ரூமோட சுவரு அப்படியே உள்பக்கமா விழுந்து கிடந்துச்சு. தம்பி சட்டையை ஒரு கையால பிடிச்சுக்குச்சு. காத்து அடங்கற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்ல.

சாயங்காலம் வெளியில வந்து பாத்தா ஊரே படுத்துக் கிடக்கு. இவங்க வீடு நிக்குது. ஆனா முல்லைத் தோட்டம் போச்சு. பத்து வருஷத்துச் செடி, ஒண்ணு மிச்சமில்ல. வைரக்கண்ணு வரப்புல உக்காந்து அழுதாரு. அவரு அழுது முடிக்கிற வரைக்கும் செங்கமலம் பக்கத்துலயே உக்காந்திருந்தா. அப்புறம் அவளே எந்திரிச்சு ஒரு குழி வெட்டுனா. பதியன் வாங்கி வைப்போம், நமக்குக் கையும் காலும் நல்லாத்தானே இருக்குன்னா.

அக்கா குடும்பம் அந்த ஒத்தை ரூம்ல ஆறு மாசம் இருந்துச்சு. யாரு காலு யாரு மேல படுதுன்னு தினம் சண்டை, தினம் சிரிப்பு. அப்புறம் அக்கா மறுபடி வீடு கட்ட ஏற்பாடு பண்ணுச்சு. மேஸ்திரி அதே கணக்கைச் சொன்னாரு. அக்கா தம்பியைத் தனியாக் கூப்பிட்டு, பெல்ட்டு போட்டா முகப்புக்குக் காசு பத்தாதாமே, நீ என்ன சொல்றன்னு கேட்டுச்சு.

வைரக்கண்ணு தன்னோட மொட்டை வீட்டைத் திரும்பிப் பாத்தாரு. "முகப்பு இல்லாம ரெண்டு வருஷம் மனசு கிடந்து அடிச்சுக்கும்க்கா. பொய் சொல்லல. அப்புறம் பழகிரும்"னாரு.

அக்கா அவரு தலையில செல்லமா ஒரு குட்டு வச்சுச்சு. மறுநாளு கம்பி வந்து எறங்குச்சு. கூரைக்குக் கீழ ஓடுற கம்பியை நானே கட்டுறேன்னு வைரக்கண்ணு சாரத்துல ஏறி, கட்டுக்கம்பியைச் சுத்திச் சுத்தி முறுக்குனாரு, க்ரீக், க்ரீக்னு. கீழ டீத் தம்ளரோட அக்கா அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு.

"தம்பி, அந்த மூலையில இன்னொரு முறுக்கு போடுடா"ன்னுச்சு.

போட்டாரு.

தங்கம்? ம் சொல்லு.

சரி சரி. அவங்க வீட்டுக்குக் கூரை போட்டாச்சு, கதைக்கும் போட்டாச்சு. தூங்கு.